ஆட்டுத் தாடை என்று சொன்னேன்

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
21 மே 2005, சனிக்கிழமை

அன்புள்ள மகள் ஹம்சிகாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. வைத்தியர் தந்த குளிசையைப் போட்டதால் குறைந்ததா, போடாமல் விட்டதால் குறைந்ததா என்பது எனக்குத் தெரியாது. அவள் சொல்ல மாட்டாள். நீ போகும்போது வாசலில் பனி கிடந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள். தென் டக்கோட்டாவில் நீங்கள் தோண்டும் பக்கம் நச்சுப் பாம்புகள் உண்டென்று நூலகத்தில் வாசித்தேன். சப்பாத்தை உதறிப் பார்த்துவிட்டுப் போடு.

கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நீ அந்தப் பெற்றோல் நிலையத்திலிருந்து அழைத்தபோது நான் கதைக்கவில்லை. அப்பா குளியலறையில் நிற்கிறார் என்று அம்மா சொன்னாள். அது பொய்யல்ல. ஆனால் அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. நீ வைக்கும்வரை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

ஹம்சிகா, நீ என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன தாடை எலும்பு இப்போது எங்களிடம் இல்லை. அதை நான் தொலைத்துவிட்டேன். தொலைத்தேன் என்பதும் சரியான சொல் அல்ல. இந்த வசனத்தை முதற்பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று எண்ணியிருந்தேன். மூன்று தாள்களைக் கிழித்தபிறகு இப்போதுதான் எழுத முடிந்தது. இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஒழுங்காகச் சொன்னால் குற்றம் குறையும் என்பதற்காக அல்ல. எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

பல்கலைக்கழகத்தில் உங்கள் பிரிவில் திருத்த வேலை நடந்ததால் அளவெடுப்பதற்கென்று அதை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய். சாப்பாட்டு மேசையில் துவாயை விரித்து, அதன்மேல் வைத்துக் காட்டினாய். மூன்றரைக் கோடி வருடத்துக்கு முன் வாழ்ந்து அழிந்துபோன அலிகேட்டர், அந்தப் பேரினத்தில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது என்றாய். நான் இருபத்தைந்து வருடம் விலங்கியல் படிப்பித்தவன். ஆனால் எங்கள் ஊரில் இருந்தவை குளத்து முதலையும் உவர்நீர் முதலையும்தான். அலிகேட்டரைப் பாடப்புத்தகத்தில் ஒரு சிறு படமாக மட்டுமே பார்த்திருந்தேன். தாடையின் நடுவே முடிச்சுப்போல் ஒரு திரட்சி இருந்தது. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாய். "இது உடைஞ்சு பொருந்தின இடம் அப்பா. உடைஞ்ச வாயோடை கன காலம் சாப்பிட்டு உயிரோடை இருந்திருக்கு. இப்பிடி இன்னொண்டு நான் காணேல்லை" என்றாய். உன் ஆய்வில் ஒரு அத்தியாயம் முழுவதும் அந்தத் திரட்சியைப் பற்றியதுதான் என்றும், அமெரிக்காவிலிருந்து இரவலாக வந்தது, மார்கழிக்கு முன் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாய். அதற்கு நான், இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கேட்டேன். நீ துவாயை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய்.

புறப்படும் நாளில் உன் பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதைப் படுக்க வைத்தாய். ஆவணியில் வருவேன், அதுவரை என் அறை மேசையில் இருக்கட்டும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மட்டும்தான் கேட்டாய்.

ஏப்ரில் கடைசியில் உன் அம்மாவின் தகப்பனாருடைய திவசம் வந்தது. ஐயர் வீட்டுக்கு வருகிறார் என்றவுடன் அம்மாவுக்கு அந்தப் பெட்டி நினைவு வந்தது. "செத்த சீவன்ரை எலும்பை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு எப்பிடியப்பா திவசம் செய்யிறது?" என்று கேட்டாள். அது எலும்பல்ல, இப்போது கல், மூன்றரைக் கோடி வருடமாகிவிட்டது என்று விளக்கினேன். "அப்ப மூண்டரைக் கோடி வருசமாத் துடக்குக் கழியேல்லை எண்டுறியள்" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இருபத்தைந்து வருடம் படிப்பித்தவன் வாதாடியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். நான் வாதாடி வென்றதை நீ எப்போதாவது கண்டிருக்கிறாயா?

கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் கெல்லருக்குக் கொண்டுபோனேன். எங்கள் கெல்லர் அறைக்குள் அரிசி மூட்டையும் திவசத்துக்குச் சமைக்கும் பெரிய பாத்திரங்களும் இருந்ததால் அதற்குள்ளும் வைக்க வேண்டாம் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே அறைக்கு வெளியே, நடைபாதையில் இருக்கும் பொதுத் தட்டில் வைத்தேன். ஒரு நாளுக்கு என்றுதான் வைத்தேன். திவசம் முடிந்தது. திரும்ப எடுத்துவந்தால் திரும்பவும் கதை வளரும் என்று அடுத்த நாளுக்குத் தள்ளினேன். அதற்கடுத்த நாளும் தள்ளினேன்.

இந்த வருடம் என்னைக் கட்டடச் சபைக்குத் தெரிந்தெடுத்ததை உனக்குச் சொல்லியிருந்தேன். இந்தக் கட்டடத்தில் சபைக்குப் போன முதல் தமிழன் நான். மே பதினேழு, தேசிய தினத்துக்கு முன் எல்லோரும் இறங்கி முற்றமும் கெல்லரும் துப்புரவாக்கும் டுக்னாட் நாளை ஒழுங்கு செய்யும் பொறுப்பையும் எனக்கே தந்தார்கள். எத்தனை தும்புத்தடி வேண்டும், யார் எந்தப் பக்கம், குப்பைக் கொண்டெய்னர் எப்போது வரும், எப்போது போகும் என்று எல்லாவற்றையும் எழுதி ஒட்டினேன். பெயர் எழுதப்படாமல் கெல்லர் நடைபாதையில் இருக்கும் பொருட்கள் வீசப்படும் என்ற அறிவித்தலும் என் கையால் எழுதியதுதான்.

அப்படியானால் பெட்டியில் பெயரை எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். எழுதுவதற்குப் பேனையோடு இறங்கினேன். அறிவித்தல் எழுதியவனுடைய பெட்டியே நடைபாதையில் கிடக்கிறது என்று யாராவது சொல்வார்களே என்று தயங்கினேன். போன வருடம் கெல்லரில் எலி வந்தபோது வெளிநாட்டவர் இறைச்சி வைத்ததால்தான் வந்தது என்று ஒரு கதை கிளம்பியது உனக்கு நினைவிருக்கும். பிறகு பார்த்தால் அது யாரோ ஒரு நோர்வேஜியர் குருவிகளுக்கென்று வைத்த தானியத்துக்கு வந்த எலி. ஆனாலும் கதை எங்கள் பேரில்தான் நின்றது. ஆகவே பெயர் எழுதாமலே, டுக்னாட்டுக்கு முதல்நாள் எடுத்துவிடலாம் என்று மேலே வந்தேன். முதல்நாள் முழுவதும் தும்புத்தடிகளை எண்ணுவதிலேயே எனக்குப் போய்விட்டது.

மே ஏழாம் திகதி சனிக்கிழமை நான் கெல்லர் வாசலில் நின்றேன். இரண்டாம் மாடி ஸ்ரீஸ்கந்தராசாதான் நடைபாதைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ் ஓடிக் களைத்து வந்த மனிதர், ஆனால் வாய் ஓய்வதில்லை. உன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாஸ்டர், ஓடி வாங்கோ! ஆரோ பல்லுக்கட்டை மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினம்" என்று கத்தினார். பக்கத்தில் குலசேகரம் நின்றார். அவருடைய மகன் பல்வைத்தியன் என்பது இந்தக் கட்டடத்தில் தெரியாதவர் இல்லை. ஸ்ரீஸ்கந்தராசா அவரைப் பார்த்து, "குலசேகரண்ணை, மகனட்டைக் காட்டுங்கோவன். ஒரு கிளிப் போட்டால் நேராக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஹம்சிகா.

சிரிப்பைக் கேட்டுச் சபைத் தலைவி எமிலி வந்தார். நீ சின்னவளாக இருந்தபோது நாயைப் பிடித்து நடக்க உன்னிடம் தருவாரே, அவர்தான். பெட்டிக்குள் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இறைச்சி எலும்பா, யாருடையது, போன வருடம் எலி வந்தது போதாதா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, நீங்கள் உயிரியல் ஆசிரியராக இருந்தவர் அல்லவா, இது என்ன விலங்கு என்று கேட்டார்.

நான் ஆடு என்று சொன்னேன்.

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னபிறகு யோசித்தும் மாற்றவில்லை. பழைய ஆட்டுத் தாடை, யாரோ சமைத்துவிட்டு மறந்திருப்பார்கள் என்று நோர்வேஜிய மொழியில் இலக்கணப் பிழையில்லாமல் விளக்கமும் கொடுத்தேன். குழியில் நடப்பட்ட முளைபோல் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக நிற்கும் தாடையை ஆட்டுத் தாடை என்று என் மாணவன் ஒருவன் பரீட்சையில் எழுதியிருந்தால் சைபர் போட்டிருப்பேன். உள்பக்கத்தில் மையால் எழுதிய இலக்கம் தெரிந்தது. யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாதே என்றுதான் அப்போது வேண்டிக்கொண்டேன்.

ஸ்ரீஸ்கந்தராசா மட்டும், "ஆட்டுக்கு இப்பிடிப் பல்லோ மாஸ்டர்?" என்று ஒருதரம் கேட்டார். பிறகு, "சரி, மாஸ்டர் சொன்னாப் பிறகு என்ன" என்று பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். கொண்டெய்னருக்குள் அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இது என் மகளுடைய ஆய்வுப் பொருள் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால், எமிலி சந்தோஷப்பட்டு இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று என் கண்ணுக்குத் தெரிந்தவர் குலசேகரம் மட்டும்தான். மகள் என்ன படிக்கிறா என்று கேட்கும் எங்கள் ஆட்களுக்கெல்லாம் நான் உயிரியல் என்று சொல்லிவிட்டு உடனே காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவேன். முதலை எலும்பு பொறுக்கத்தான் நோர்வேக்குக் கொண்டுவந்தீர்களா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பதற்கு நான் இடம் கொடுத்ததும் இல்லை. ஆகவே அன்று என் வாயிலிருந்து வந்தது தற்செயலாக வந்ததல்ல.

எல்லோரும் கோப்பி குடிக்கும்போது மெதுவாக எடுத்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் வாஃபல் மேசையைக் கொண்டெய்னருக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அந்த இடத்தைத் தெரிவு செய்ததும் நான்தான், வெயில் படும் என்று. எமிலி எழுந்து, இவ்வளவு ஒழுங்கான டுக்னாட்டைத் தான் இங்கே கண்டதில்லை என்று பேசி, எனக்கு ஒரு சொக்கலேட் பெட்டி தந்தார். கைதட்டினார்கள். லொறி நான் சொல்லிவைத்த நேரத்துக்குச் சரியாக வந்தது. அது கொண்டெய்னரைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொக்கலேட் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலை பஸ் எடுத்துக் கழிவு நிலையத்துக்குப் போனேன். அங்கே நின்ற இளைஞர் பொறுமையாகக் கேட்டார். சனிக்கிழமை வந்ததெல்லாம் நசுக்கி எரிப்பதற்குப் போய்விட்டது, அந்தச் சூட்டில்தான் நகரத்தில் வீடுகளுக்கு வெந்நீர் வருகிறது என்றார். கல் எரியாதே என்று கேட்டேன். எரியாது, சாம்பலோடு சாம்பலாக வரும், அதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள் என்றார். என்ன கல், விலை உயர்ந்ததா என்று கேட்டார். அவருக்கும் நான் சரியான பதில் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கை கழுவும்போது வெந்நீர்க் குழாயைத் திறக்க முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். மே பதினேழன்று காலை லிஃப்டில் ஸ்ரீஸ்கந்தராசாவைச் சந்தித்தேன். கோட்டுப் போட்டு, மார்பில் நாடா குத்தி, பிள்ளைகளின் ஊர்வலம் பார்க்கப் புறப்பட்டிருந்தார். சாவிக்கொத்தை எடுத்து என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். அதில் ஒரு பல் தொங்கியது. பெட்டியைக் கவிழ்க்கும்போது கழன்று விழுந்ததாம். துளை போட்டுக் கோத்திருக்கிறார். "எத்தினை ஆட்டுத்தலை திண்டிருக்கிறம் மாஸ்டர், ஒண்டிலையும் இப்பிடிப் பல்லைக் காணேல்லை" என்றார். நான் லிஃப்டின் இலக்கங்களைப் பார்த்தேன். எனக்கு இரங்கியோ என்னவோ அவரே தொடர்ந்து, "அண்டைக்கு நீங்கள் கண்ணாடி போடேல்லைப் போல" என்றார்.

ஓம், போடவில்லை என்றேன்.

போட்டிருந்தேன், மகளே. முதல் தடவை பயத்தில் சொன்னேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை, நல்ல மனிதர் ஒருவர் எனக்குத் திறந்துவிட்ட வழியால் சந்தோஷமாக நுழைந்து போனேன். உன் அலிகேட்டரில் மிஞ்சியிருந்த ஒரே பல் என் மூக்குக்கு முன்னால் ஆடியது. அதைத் தாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பாரே.

இவ்வளவையும் காலையில் எழுதினேன். கையொப்பம் வைக்கும் நேரத்தில், பல்லைக் கேட்காதவன் இந்தக் கடிதத்தை அனுப்பி என்ன பயன் என்று தோன்றியது. தாளை மேசையில் விட்டுவிட்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். மூன்றாம் மாடியில் ஒருமுறை திரும்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். அது ஆடல்ல, அழிந்துபோன அலிகேட்டர், என் மகள் ஹம்சிகா ஆராய்வது, அமெரிக்காவிலிருந்து இரவலாக வந்தது, எனக்கு அன்றே தெரியும், கண்ணாடியும் போட்டிருந்தேன். ஸ்ரீஸ்கந்தராசா ஏதோ பகிடி விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "அப்ப நான்தானே மாஸ்டர் தூக்கி எறிஞ்சது" என்றார். இல்லை, நான்தான் என்றேன். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. லொறி வர எவ்வளவு நேரம் கிடந்தது! நானும் குலசேகரண்ணையும் உள்ளுக்கை இறங்கிக் கிண்டியெல்லோ எடுத்திருப்பம். உந்தப் பிள்ளை எங்களுக்கும் பிள்ளைதானே" என்று சத்தம் போட்டார். அவருடைய மனைவி யோகராணி வந்து, வயதுபோனவரோடு ஏன் கத்துகிறீர்கள் என்று அவரை அடக்கப் பார்த்தார். அவர் கத்தியது எனக்கு வேண்டியிருந்தது.

பல்லைக் கழற்றித் தந்தார். துளை போட்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. பஞ்சில் சுற்றி உன் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் அறைக்குப் போய் மேசையைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்திருந்த மேசைதான்.

இனி நான் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தக் கடிதம் வந்துசேரப் பத்து நாளாவது எடுக்கும். நாளை நீ அழைக்கும்போது தொலைபேசியை நானே எடுக்க முயல்கிறேன். என் குரல் நின்றுவிட்டால் மிச்சத்தை இந்தத் தாள்களில் பார்த்துக்கொள்.

முதலாவது, உன் பேராசிரியரிடம் நான் போய்ச் சொல்ல அனுமதி தா. அமெரிக்காவிலுள்ளவர்களுக்கும் என் பெயரில் நானே எழுதுகிறேன். உனக்கு முன் அவர்கள் அறியக் கூடாது என்பதால் காத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்ற, பயணத்தில் தொலைந்தது, நானே கவனமில்லாமல் விட்டேன் என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயப்படுகிறேன். உனக்கு இனிமேல் ஒருவரும் ஒரு பல்லைக்கூட நம்பி இரவல் தராமல் போகலாம். அந்தக் கெட்ட பெயர் உன்னுடையதாக இருக்கக் கூடாது. ஸ்டோவ்னரில் இருக்கும் பத்மநாதன் என்ற ஒரு கிழவனுடையதாக இருக்கட்டும். தாடையைப் படம் எடுத்தாயா, அந்தத் திரட்சியின் அளவுகளை எடுத்து முடித்தாயா என்று எழுது. எடுத்திருந்தாய் என்றால் கொஞ்சம் நித்திரை கொள்வேன்.

இரண்டாவது, என்னைக் கோபித்துக்கொள். நீ சின்ன வயதிலிருந்தே, நான் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து வாய் திறக்காமல் இருந்தபோதும், உன் பட்டமளிப்புக்குத் தடிமன் காய்ச்சல் என்று வராமல் விட்டபோதும், பரவாயில்லை அப்பா என்றுதான் சொன்னாய். இந்த முறை அப்படிச் சொல்லாதே. மனதில் இருப்பதை உள்ளபடி எழுது. எவ்வளவு கடுமையாக எழுதினாலும் முழுவதையும் வாசிப்பேன். நீ ஒன்றும் எழுதாமல் விடுவதைத்தான் தாங்க முடியாது.

நான் கடவுளிடம் உனக்காக இதுவரை கேட்டதெல்லாம் நல்ல உத்தியோகம், நல்ல இடம், நல்ல சுகம் என்பவைதான். இன்று காலை வேறொன்று கேட்டேன். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தடுமாறித்தான் கேட்டேன். அந்த வறண்ட மண் தன்னிடம் உள்ளதை ஒளிக்காமல் உன் கையில் தரட்டும். முழுத் தலையோடு ஒன்று, தாடையும் பல்லுமாக, உடையாமல் உனக்கு அகப்படட்டும். அகப்பட்டால், அது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. என்ன உத்தியோகம் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
இ. பத்மநாதன்